உலாவப் பாதை வந்தது; உழைத்தவனுக்கு வீடு வந்ததா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் புக்கிட் கியாராவுக்குப் போய்ப் பாருங்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கமாக ஏறினால் போதும். சாலையோரம் கார்கள் வரிசை பிடித்து நிற்கும். நம் ஆறு மாதச் சம்பளத்தை விழுங்கும் விலையில் சைக்கிள்கள், ஓட்டக் காலணிகள், நாயைக் கூட்டி வந்து நடப்பவர்கள். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மண் பாதைகள். நல்ல காற்று. நகரத்துக்கு நடுவில் இப்படி ஓர் இடமா என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

அங்கே நின்று, பெரிய மரம் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பட்டையில் சரிவாக ஒரு பழைய தழும்பு கைக்குத் தட்டுப்படும். அது என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது பால் மரம். அந்தத் தழும்பு உளி போட்ட கோடு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு நின்று, வாளியும் காண்டாக் கட்டையுமாக நிரை நிரையாக ஓடிய நம் அப்பா அம்மா போட்ட கோடு!

இதைக் காடு என்கிறார்கள். ஐயா, இது காடு இல்லை. புக்கிட் கியாரா தோட்டம். இன்று சைக்கிள் ஓடும் பாதைக்கு இருபுறமும் நிற்கிற பால் மரங்களை நட்டு, வெட்டி, பால் எடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கதையைத்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இயக்கம் பூங்காவுக்கு எதிரி இல்லை, நடைபாதைக்கும் எதிரி இல்லை. நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். தோட்டத்தின் மேல் பாதை போடுகிறவர்கள், அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு முதலில் வீடு கொடுத்தார்களா?

தற்காலிகம் என்றால் எத்தனை வருடம்?

புக்கிட் கியாரா தோட்டத்தை அரசாங்கம் பொது நோக்கத்துக்காக எடுத்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் தொழிலாளர் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, ரூமா பாஞ்சாங் என்கிற லோங்ஹவுஸில் குடி வைக்கப்பட்டார்கள். சுமார் 100 குடும்பங்கள். "இது தற்காலிகம்தான், நிரந்தர வீடு பிறகு வரும்" என்றுதான் சொல்லப்பட்டது.

அதே குன்றின் மேல் இன்று என்னென்ன இருக்கிறது? கோல்ஃப் மைதானம் இருக்கிறது. குதிரை சவாரிக் கழகம் இருக்கிறது. குன்றைச் சுற்றி அடுக்குமாடிகள் வானத்தைத் தொட்டு நிற்கின்றன. பந்துக்கு இடம் கிடைத்தது, குதிரைக்கு இடம் கிடைத்தது. பால் வெட்டியவனுக்கு மட்டும் "கொஞ்சம் பொறு"!

அந்தக் காலத்தில் லோங்ஹவுஸில் பிறந்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயது. அவனுக்கே இப்போது பிள்ளைகள். நாற்பது வருடத்தைத் தற்காலிகம் என்று சொல்வதற்கு எந்த அகராதியில் இடம் இருக்கிறது?

நம் வறுமையைக் கேடயமாகப் பிடித்தார்கள்

பிறகு வந்தது பெரிய திட்டம். லோங்ஹவுஸை ஒட்டியிருக்கும் பூங்காவின் பெயர் தாமான் ரிம்பா கியாரா. சுமார் 25 ஏக்கர். அதில் ஏறக்குறைய பாதியை எடுத்து எட்டு ஆடம்பர அடுக்குமாடிகளும், கூடவே ஒரே ஒரு மலிவு விலைக் கட்டடமும் கட்டுவதாகத் திட்டம். நிலம் ஓர் அறவாரியத்தின் கைக்குப் போனது. அறவாரியம் ஒரு தனியார் மேம்பாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 2017-இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மேம்பாட்டு உத்தரவு கொடுத்தது.

ஏன் இந்தத் திட்டம் என்று கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம், லோங்ஹவுஸ் மக்களுக்கு வீடு கொடுக்க வேண்டாமா?"

கவனியுங்கள். நூறு குடும்பத்துக்கு வீடு கட்ட எட்டு ஆடம்பரக் கட்டடம் எதற்கு? லோங்ஹவுஸ் நிற்கிற இடமே சுமார் நான்கு ஏக்கர். அந்த இடத்திலேயே அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கலாம். அக்கம்பக்கத்துத் தாமான் குடியிருப்பாளர்களே அதற்கு ஆதரவு என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அப்படியிருந்தும், நம் ஏழ்மையை முன்னால் நிறுத்திப் பின்னால் கோடிகளுக்குக் கணக்குப் போட்டார்கள்.

இதில் மிகப் பெரிய கொடுமை என்ன? பூங்காவைக் காப்பாற்ற நினைத்தவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்காகக் காத்திருந்த நம் மக்கள் இன்னொரு பக்கம் என்று இரண்டு கூட்டத்தையும் மோதவிட்டார்கள். "அவர்கள் வழக்குப் போட்டதால்தான் உனக்கு வீடு வரவில்லை" என்று நம் காதில் ஓதினார்கள். வழக்குப் போட்டது 2017-இல். வாக்குக் கொடுத்தது 1980களில். இடையில் இருக்கும் முப்பத்துச் சொச்சம் வருடத்துக்கு யார் காரணம்?

நீதிமன்றம் என்ன சொன்னது?

2018-இல் உயர் நீதிமன்றம் குடியிருப்பாளர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, மேம்பாட்டு உத்தரவை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சட்ட மொழியை விட்டுவிட்டு எளிமையாகச் சொல்கிறேன். கோலாலம்பூரின் கட்டமைப்புத் திட்டம் அந்த இடத்தைப் பூங்கா என்று காட்டியது. திட்டம் ஒன்று சொல்லும்போது டத்தோ பண்டார் வேறொன்றுக்கு அனுமதி கொடுத்தால், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் இஷ்டத்துக்குத் தாண்டிப் போக முடியாது. பக்கத்து நில உரிமையாளர்களின் ஆட்சேபத்தை முறையாகக் கேட்க வேண்டும். அனுமதி கொடுக்கிற டத்தோ பண்டாரே நிலத்தை வைத்திருந்த அறவாரியத்தின் அறங்காவலராகவும் இருந்தார் என்பதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

நல்ல தீர்ப்பு. நாடு முழுவதும் பூங்காக்களுக்கும் பசுமைப் பாதைகளுக்கும் இது பெரிய பாதுகாப்பு. வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாளிலும் தோட்டத்துக் குடும்பங்கள் அதே லோங்ஹவுஸில்தான் இருந்தன! பூங்கா ஜெயித்தது. மரம் ஜெயித்தது. மரத்தை வளர்த்தவன் மட்டும் பார்வையாளனாக நின்றான்.

கெரான் இல்லாதவனுக்கு வாய் இல்லையா?

இது ஏன் இப்படி நடக்கிறது என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இது விதி இல்லை, தலையெழுத்தும் இல்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

கோலாலம்பூரில் 1970-ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதிகளில் 5-ஆம் விதி என்று ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு மேம்பாடு வரும்போது ஆட்சேபம் சொல்லும் உரிமையை அது யாருக்குக் கொடுக்கிறது? ஒட்டிய நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளருக்கு. அதாவது கெரானில் பெயர் உள்ளவருக்கு. மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்திருந்தாலும் கெரானில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு அந்த விதிப்படி ஒரு கடிதம்கூட வராது.

நிலத்தை அரசாங்கம் எடுக்கும்போதும் இதே கதைதான். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இழப்பீடு கேட்கத் தகுதியுள்ளவர் யார் என்று சொல்கிறது. உரிமையாளர் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவரை அது வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. தோட்டத்து லயத்தில் இருந்த நம் நிலைமை பெரும்பாலும் அதுதான். வேலை இருக்கும் வரை வீடு; வேலை போனால் வீடும் போச்சு. ஆகவே இழப்பீடு கம்பெனிக்கு. நமக்குக் கிடைப்பது சகுஹாத்தி. அதாவது, பார்த்துப் போட்டுக் கொடுப்பது!

இப்போது யோசியுங்கள். ஒரு தோட்டத்தை முதலில் எடுக்கிறார்கள். மக்களை ஓரமாக ஒதுக்குகிறார்கள். இருபது முப்பது வருடத்தில் மரம் ஓங்கி, புதர் அடர்ந்து, பார்ப்பதற்குக் காடு போல் ஆகிவிடுகிறது. பிறகு வருகிறவர் "ஆகா, இயற்கை!" என்கிறார். வரைபடத்தில் பச்சை வர்ணம் அடிக்கிறார்கள். பாதை போடுகிறார்கள். அந்தப் பச்சைக்குள் லயம் இருந்த இடம், கோயில் இருந்த இடம், நம் தாத்தாவைப் புதைத்த இடம் எல்லாம் அடையாளம் இல்லாமல் போகின்றன. புல்டோசர் மட்டும்தான் நம்மை அழிக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு பச்சைப் பேனாவும் அழிக்கும்.

ரயில் பாதை சொல்லும் பாடம்

நம் ஊரில் மட்டும் இல்லை, ஜொகூர் பாலத்தைத் தாண்டியும் ஒரு கதை இருக்கிறது. சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை ஓடிய மலாயா ரயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. மறுநாள் முதல் அந்த நிலம் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் போனது. இன்று அது ரயில் காரிடோர் என்ற 24 கிலோமீட்டர் நடைபாதை. தெற்கிலிருந்து வடக்கு வரை தீவை ஊடுருவிப் போகிறது. அங்குள்ள மற்றப் பூங்கா இணைப்புப் பாதைகளோடும் சேர்கிறது. தண்டவாளம் போனாலும் பழைய இரும்புப் பாலங்களைக் காப்பாற்றினார்கள். புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் புதுப்பித்து 2022-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பாதையில் மண் சுமந்தவர்களிலும், தண்டவாளம் பார்த்தவர்களிலும், கேட் அடைத்தவர்களிலும் நம் மக்கள் எத்தனை பேர்! 1932-இல் குயின்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் சின்னக் குடிசையாகத் தொடங்கிய முனீஸ்வரன் கோயில்தான், இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கிறது. இடம் மாறியது, சாமி மாறவில்லை. காரணம், அந்த மக்கள் கோயிலைக் கைவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒன்றுகூடிக் காத்தார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ரயில் நிலத்தைப் பசுமைப் பாதையாகவே வைக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் எப்போது பேசியது? கடைசி ரயில் ஓடிய பிறகா? இல்லை. 2010-லேயே, ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே, எழுத்தில் யோசனை கொடுத்துவிட்டார்கள். கோடு போடுவதற்கு முன்பே பேசியவர்களுக்குக் கோடு வளைந்து கொடுத்தது. நாம்? செங்கல் இறங்கிய பிறகுதான் பதாகை பிடிக்கிறோம். சாமி சிலையைத் தூக்கும்போதுதான் ஓடி வருகிறோம்.

நமக்கும் அந்தப் பாதை வேண்டும்

"சைக்கிள், ஓட்டம் எல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சொல்லாதீர்கள். இனிப்பு நீர் வியாதி இந்த நாட்டில் எந்த இனத்தை அதிகமாகப் பிடித்திருக்கிறது? நம்மைத்தான். தேசிய சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் அதையே சொல்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது மருந்துப் பையோடு இருக்கிறார். தோட்டத்தில் இருந்தபோது நாளெல்லாம் நடந்த கால்கள், பதினேழாவது மாடி பி.பி.ஆர். வீட்டில் மடங்கிக் கிடக்கின்றன. லிஃப்ட் வேலை செய்தால் இறங்கலாம். இறங்கினாலும் நடக்க இடம் எங்கே? கார் நிறுத்துமிடம்தான்.

ஆக, பசுமைப் பாதை நமக்குத்தான் அதிகம் தேவை. கோலாலம்பூரின் 2040 கட்டமைப்புத் திட்டம் 2023-இலும், அதன் உள்ளூர்த் திட்டம் 2025-இலும் கெஜட் ஆகிவிட்டன. பூங்காக்களையும் ஆற்றோரங்களையும் ஒன்றோடொன்று இணைப்பது பற்றி அவற்றில் பேசப்படுகிறது. நல்லது. ஆனால் அந்த இணைப்பு, காண்டோ வாசலிலிருந்து காண்டோ வாசலுக்குப் போகும் இணைப்பாக இருக்கக் கூடாது. பி.பி.ஆர். வீட்டு வாசலிலும் வந்து நிற்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று. தோட்டமாக இருந்த நிலத்தில் பூங்காவோ பாதையோ வருமுன், அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு அதே வட்டாரத்தில், கெரானோடு நிரந்தர வீடு. தற்காலிகம் என்ற சொல் இனி வேண்டாம். தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்.

இரண்டு. கோயிலும் இடுகாடும் திட்ட வரைபடத்தில் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். பாதை அவற்றைச் சுற்றிப் போகட்டும், அவற்றின் மேல் போகக் கூடாது.

மூன்று. பாதையின் தொடக்கத்தில் தோட்டத்தின் பெயரும் வரலாறும் மலாயிலும் தமிழிலும் பலகையில் எழுதப்பட வேண்டும். நடக்கிறவர் யாருடைய வியர்வையின் மேல் நடக்கிறார் என்று தெரிந்துகொண்டு நடக்கட்டும்.

நான்கு. பூங்காப் பராமரிப்பு வேலையும் உணவுக் கடை அனுமதியும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முதலில்.

இது பிச்சை இல்லை. வாக்குக் கொடுத்தவன் வாக்கைக் காப்பாற்று என்கிறோம், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

கெரான் இல்லாதவனும் சட்டப்படி வாய் திறக்கக்கூடிய ஒரு கட்டம் இருக்கிறது. இதை நன்றாக மனதில் வையுங்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவை அதிகாரிகள் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். அந்தக் காலக் கெடுவுக்குள் யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் இதற்கு 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இடம் கொடுக்கிறது. இன்னொரு முக்கியமான விஷயம். அந்தச் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடத்தில், பக்கத்து நிலக்காரருக்குக்கூட அறிவிப்பு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அதாவது வரைவுக் கட்டத்தைத் தூங்கிக் கழித்தால் பிறகு யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள்.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். தகரப் பெட்டியைத் திறந்து பழைய தாள்களை எடுங்கள். சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். கணக்கு, பிறப்புப் பத்திரம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், லயத்து அஞ்சடியில் நின்று எடுத்த படம் எதுவானாலும் சரி. நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

உங்கள் நகராண்மைக் கழகத்துக்கு நாலு பேர் சேர்ந்து போங்கள். உங்கள் வட்டாரத்தின் உள்ளூர்த் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோயில் இருக்கும் இடத்தில் என்ன வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தேர்தல் நேரத்தில் அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கிற தலைவரிடம், "கெரான் எங்கே ஒய்.பி.?" என்று அதே மேடையில் கேளுங்கள்.

பூங்காவுக்காகப் போராடுகிறவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். "உங்கள் மரத்தை நாங்கள் காப்போம், எங்கள் வீட்டுக்கு நீங்கள் குரல் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு கூட்டமும் ஒன்று சேர்ந்தால், நம்மைக் கேடயமாகப் பிடிக்கிறவனுக்கு ஒளிய இடம் இருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கியாராவுக்குப் போங்கள். கட்டணம் இல்லை, யாரும் தடுக்க முடியாது. அந்தத் தழும்பை அவர்கள் கையால் தொட வையுங்கள். "இது பாட்டி வெட்டிய மரம் மாதிரி ஒரு மரம்" என்று சொல்லுங்கள். இந்த நாட்டின் மண்ணில் நமக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், அந்தப் பிள்ளை பதில் தெரிந்து வளரட்டும்.

பாதை எல்லாருக்கும் பொது. வீடு முதலில் வெட்டியவனுக்கு!

போராடுவோம். வெல்வோம்.